நொதி போய்ச் சேரும் இடம்

கட்டபெட்டில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் சாலை பிரிகிறது. ஊரைச் சுற்றித் தேயிலைத் தொழிற்சாலைகள். சாயங்காலம் சிறு விவசாயிகளின் கொழுந்து மூட்டைகள் வந்திறங்கும். இரவெல்லாம் வாட்டும் தொட்டியில் காற்று வாங்கிக் கிடந்து, விடிகாலையில் சி.டி.சி. உருளைகளுக்குள் போகும். அதற்குப் பிறகு நடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. உருளையை விட்டு விழும்போது இலைத்தூள் பச்சையாகத்தான் இருக்கும். ஒரு கை அள்ளினால் உள்ளங்கையில் ஈரமும் லேசான வெதுவெதுப்பும் தெரியும். ஒரு மணி நேரம் போவதற்குள் அது செம்பு நிறத்துக்கு மாறி, பச்சை வாடை அடங்கிப் பழ வாசனை ஏறிவிடும். யாரும் எதையும் கலக்கவில்லை. இலையின் செல்லுக்குள் ஓர் அறையில் கேட்டச்சின் என்ற சேர்மம் இருந்தது. வேறோர் அறையில் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி இருந்தது. உருளை அறைச்சுவரை உடைத்தது, இரண்டும் சந்தித்தன. உலர்த்தியின் சூட்டில் நொதி செத்ததும் வேலை நின்றுவிடும். நொதி எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும், அதற்குரிய பொருள் வந்து சேர்ந்த பிறகு மட்டும், மாற்றம் நடக்கிறது.

இப்படியொரு சந்திப்பைப் புற்றுக்கட்டிக்குள் ஏற்பாடு செய்யலாம் என்று 1986இல் எழுதியவர் ஃப்ரெடரிக் மூல்டன், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர். ஹெர்பிஸ் வைரஸிடம் தைமிடின் கைனேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை அது விஷமாக மாற்றும் வேலையைத் தொடங்கி வைக்கும். மனித செல்லின் சொந்த நொதி அந்த மருந்தைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அப்படியானால் வைரஸின் மரபணுவை மட்டும் எடுத்துப் புற்று செல்லுக்குள் வைத்துவிட்டு கான்சிக்ளோவிர் கொடுத்தால், நொதி வைக்கப்பட்ட செல் சாகும். மற்ற செல் பிழைக்கும். எலி செல்களில் மூல்டன் இதைச் செய்து காட்டினார். ரத்தத்தில் ஓடும்போது சாதுவாக இருந்து, நொதியைச் சந்தித்த பிறகு மட்டும் நஞ்சாகும் இத்தகைய மருந்தை முன்மருந்து என்கிறார்கள்.

ஆனால் வைரஸ் இந்த நொதியை வைத்திருப்பது நம் மருந்துக்காக அல்ல. தைமிடின் என்ற டி.என்.ஏ. மூலப்பொருளைக் கையாள்வதற்குத்தான். கான்சிக்ளோவிரை அது வேண்டாவெறுப்பாகவே ஏற்கிறது. செல்லுக்குள் எப்போதும் தைமிடின் இருப்பதால் முதல் பந்தி அதற்குத்தான். மருந்து காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. இதைச் சமாளிக்க மருந்தின் அளவைக் கூட்டினால் எலும்பு மஜ்ஜை தாங்காது, ரத்த அணுக்கள் குறையத் தொடங்கும்.

மருந்தைக் கூட்டாமல் நொதியைத் திருத்தினால் என்ன? மார்கரெட் பிளாக்கும் லாரன்ஸ் லோப் ஆய்வகத்தாரும் 1996இல் வெளியிட்டது இதற்கான விடை. நொதியில் மருந்து வந்து அமரும் குழியை ஒட்டிய பகுதியின் மரபெழுத்துகளைத் தாறுமாறாகக் கலைத்து, விதவிதமான சடுதிமாற்ற நொதிகளைப் பெரும் எண்ணிக்கையில் உண்டாக்கினார்கள். அவற்றைப் பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்து, உயிரோடு வேலை செய்யும் நொதிகளை முதலில் பிரித்தார்கள். அவற்றில் எவை மருந்துக்கு எளிதில் இணங்குகின்றன என்று அடுத்துச் சலித்தார்கள். இந்த வழியில் பின்னால் கிடைத்த எஸ்.ஆர்.39 என்ற நொதியில் ஐந்தே அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. அந்த ஐந்தும் சேர்ந்து நொதியின் விருப்பத்தையே திருப்பிவிட்டன. தைமிடின் மேலிருந்த பிடிப்பு தளர்ந்தது, கான்சிக்ளோவிர் மேல் நாட்டம் கூடியது. இயற்கையான நொதிக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த மருந்திலேயே செல் செத்தது.

இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சில நூறு அமினோ அமிலங்கள் மடிந்து சுருண்டு நிற்கும் ஒரு புரதத்தில் ஐந்தை மாற்றி, மருத்துவர் தேர்ந்தெடுத்த ஒரு மருந்துக்கு மட்டும் தலையாட்ட வைப்பது பெரிய கைத்திறன். இருந்தும் இந்தத் துறையைப் பத்தாண்டுகளாகத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு ஒரு குறை உண்டு. நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதைச் சொல்வதில் ஆய்வுகள் காட்டும் அக்கறை, அது கட்டிக்குள் எத்தனை செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில் இல்லை. தோல்விகள் பெரும்பாலும் வந்தது அங்கிருந்துதான்.

அதற்குப் போகும் முன், இந்த முயற்சிக்கு என்ன தேவை இருக்கிறது என்பதை என் வீட்டிலிருந்தே சொல்லலாம். பெரியப்பாவுக்குப் பெருங்குடலில் புற்று. கோயம்புத்தூரில் இரினோடெகான் ஏற்றினார்கள். ஏற்றிய அன்று ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிப் பேருந்தில் திரும்பும்போது வயிறு பிய்த்துக்கொண்டது. குஞ்சப்பனையில் இறங்கினோம். ஒரு கையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாட்டில், சட்டைப் பையில் லோபரமைடு மாத்திரை அட்டை, மறு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா நின்ற கோலம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. எழுபது வயதில், தெரியாத மனிதர்களுக்கு முன்னால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பட்ட பாடு நோயைவிடப் பெரிதாக இருந்தது. மருத்துவமனை மீது தப்பில்லை. அந்த மருந்தின் சுபாவம் அது.

இரினோடெகான் ஒரு முன்மருந்து. அதை எஸ்.என்.38 என்ற கடும் நஞ்சாக மாற்றுவது கார்பாக்சில் எஸ்டரேஸ் என்ற நொதி. மனிதனின் நொதி இந்த வேலையில் மந்தம். ஏற்றிய மருந்தில் நூற்றுக்குச் சில பங்குதான் நஞ்சாகிறது. அந்தச் சில பங்கும் கட்டிக்குள் உருவாவதில்லை, பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. கல்லீரல் அதன் மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டி, சாதுவாக்கிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. குடல் பாக்டீரியா அந்தச் சர்க்கரையைப் பிய்த்துத் தின்றுவிட, நஞ்சு மறுபடி உயிர்பெற்றுக் குடற்சுவரை அரிக்கிறது. குஞ்சப்பனையில் நாங்கள் இறங்க நேர்ந்தது இதனால்தான். எந்த இடத்தில் நஞ்சாக வேண்டுமோ அங்கே ஆகாமல், ஆகக்கூடாத இடத்தில் ஆகிற மருந்து.

இந்த மருந்துக்கும் எங்கள் மலைக்கும் உறவு உண்டு. இரினோடெகானின் மூலம் கேம்ப்டோதெசின். சீனத்து மரம் ஒன்றிலிருந்து 1966இல் அதைப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னவர்கள் மன்ரோ வால், மன்சுக் வானி. வானி மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்தில் அதே பொருள் சீன மரத்தைவிடத் தாராளமாக இருக்கிறது என்று 1972இல் எழுதியவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவிட்டுப் பம்பாயில் சீபா ஆய்வு மையத்துக்குப் போனவர். அவர்கள் ஆராய்ந்த மரத்துக்கு அன்றைய பெயர் மாப்பியா ஃபீட்டிடா. ஃபீட்டிடா என்றால் நாறுவது; பூவின் வாடையால் வந்த பெயர். இன்று அதை நோத்தபோடைட்டஸ் நிம்மோனியானா என்கிறார்கள். நீலகிரிச் சோலைகளிலும் அது உண்டு. மகாராஷ்டிரத்தில் வெட்டி, சீவி, ஏற்றுமதி செய்தே அந்த மரத்தை அருகச் செய்துவிட்டார்கள். சின்கோனாவைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டு மலேரியாவுக்கு மருந்து எடுத்த மலை இது. இன்னொரு மருந்து மரம் சோலைக்குள் நிற்பது இங்கே பலருக்கும் தெரியாது.

முயலின் கல்லீரலிலுள்ள கார்பாக்சில் எஸ்டரேஸ், மனித நொதியைவிட நூறு மடங்குக்கு மேல் திறமையாக இரினோடெகானை நஞ்சாக்குகிறது. ஆனால் முயல் புரதத்தை மனித உடலில் வைத்தால் நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று பாய்ந்துவிடும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையில் ஃபிலிப் பாட்டர், மேரி டாங்க்ஸ் குழுவினர் இரண்டு நொதிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மருந்து உள்ளே நுழையும் வாயிலில் மனித நொதி நெருக்கடியாக இருந்தது. அந்த வாயிலை ஒட்டிய சில அமினோ அமிலங்களை மட்டும் முயலுடையதைப் போல மாற்றி, மற்றபடி முழுக்க மனித நொதியாகவே வைத்துக்கொண்டார்கள். சடுதிமாற்ற நொதி வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. வேகத்தைத் தேடியதோடு நிற்காமல், உடல் இதை ஏற்குமா என்ற கேள்வியையும் தொடக்கத்திலேயே உள்ளே கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் கேரன் அபூடி குழுவினர் இந்த நொதியை நரம்பு ஸ்டெம் செல்களில் ஏற்றினார்கள். அந்தச் செல்கள் மூளைக்கட்டியைத் தேடி நகரும் இயல்புடையவை. அவற்றை மூளைக்குள் செலுத்தி, பிறகு இரினோடெகான் கொடுத்துப் பாதுகாப்பைச் சோதிக்கும் முதல்கட்ட ஆய்வுவரை இது வந்திருக்கிறது.

ஆக, நல்ல நொதிகள் கையில் இருக்கின்றன. பெரிய ஆய்வுகள் சொன்ன கதை வேறு.

கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக்கட்டிக்கு, வைரஸ் தைமிடின் கைனேஸ் மரபணுவைச் சுமந்த எலி செல்களை அறுவைக்குப் பின் கட்டி இருந்த இடத்தைச் சுற்றி ஊசியால் ஏற்றினார்கள். எலிகளில் இந்த முறை பெரும்பாலான கட்டிகளைக் கரைத்திருந்தது. 248 நோயாளிகளை வைத்து நடந்த மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2000இல் வந்தது. சிகிச்சை பெற்றவர்கள் வாழ்ந்த நடு அளவுக் காலம் 365 நாள்; பெறாதவர்களுக்கு 354 நாள். வித்தியாசம் இல்லையென்றே சொல்ல வேண்டும். ஊசி போன தடத்தை ஒட்டிய செல்களுக்கு மட்டும் மரபணு போயிருந்தது. கட்டியோ மூளைக்குள் விரல்விட்டுப் பரவியிருந்தது.

அது திருத்தாத நொதி, திருத்தியிருந்தால் பலித்திருக்கும் என்று சொல்ல இடம் இருந்தது. அந்த வாதத்துக்கும் சோதனை வந்தது. ஈஸ்ட்டின் சைட்டோசின் டியாமினேஸ் என்ற நொதி, ஃப்ளூசைட்டோசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை ஃப்ளூரோயூராசில் என்ற புற்றுமருந்தாக மாற்றும். அதன் குறை, உடல் சூட்டில் சீக்கிரம் நிலைகுலைந்துவிடுவது. பிளாக், டேவிட் பேக்கர், பாரி ஸ்டாடர்டு ஆகியோரின் குழு 2005இல் கணினிக் கணக்கு வழியாக மூன்று அமினோ அமிலங்களை மாற்றிச் சூடு தாங்கும் நொதியாக்கியது. அதே மாற்றங்களோடு கூடிய நொதியை, பிரியும் செல்களை மட்டும் தொற்றிப் பெருகும் ஒரு வைரஸில் ஏற்றி டோகா 511 என்று பெயரிட்டார்கள். முதல்கட்டத்தில் சிலருக்குக் கட்டி முழுக்க மறைந்தது. நம்பிக்கை பெரிதாக எழுந்தது. மறுபடி தலைகாட்டிய மூளைக்கட்டியுள்ள 403 பேரை வைத்து நடந்த மூன்றாம் கட்ட ஆய்வு 2019இல் தோற்றது. சிகிச்சை பெற்றவர்களின் நடு அளவு வாழ்நாள் 11.1 மாதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 12.2 மாதம்.

இந்தத் துறையில் எழுதப்பட்ட எந்தப் பாராட்டுரையையும்விட இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் படிப்பது பயன் தரும். முதலில் நொதி சரியில்லை, மருந்தோடு இணக்கம் போதவில்லை என்றோம். அடுத்ததில் நொதியைத் திருத்தினோம். இரண்டிலும் கட்டி வளர்ந்தது. ஒரு கன சென்டிமீட்டர் கட்டிக்குள் பத்துக் கோடி முதல் நூறு கோடி செல்கள் இருக்கும். நொதியை நூறு மடங்கு வேகப்படுத்தினாலும், அது நூற்றில் ஒரு செல்லுக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தால், அந்த ஒரு செல் இன்னும் சீக்கிரம் சாகும், அவ்வளவுதான். மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் சேதி தெரியாது.

தெரியாது என்று முழுசாகவும் சொல்லிவிட முடியாது. இந்தச் சிகிச்சையின் உண்மையான பலம் ஒன்று இங்கேதான் இருக்கிறது. நொதி இருக்கும் செல்லில் உருவாகும் நஞ்சு பக்கத்துச் செல்லுக்கும் கசியும். அக்கம்பக்க விளைவு என்று இதைக் குறிப்பிடலாம். மருந்துக்கு மருந்து இது வேறுபடும். கான்சிக்ளோவிரிலிருந்து உண்டாகும் நஞ்சுக்கு மின்னூட்டம் அதிகம், செல் சவ்வைத் தானாகத் தாண்டாது. செல்லுக்கும் செல்லுக்கும் இடையே நேரடி நுண்வாயில் திறந்திருந்தால்தான் போகும். புற்று செல்கள் பலவற்றில் அந்த வாயில்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஃப்ளூரோயூராசிலுக்கும் எஸ்.என்.38க்கும் வாயில் தேவையில்லை, பரவிப் போய்விடும். நொதியின் வேகத்தை ஒப்பிட்டு எழுதியவர்களில் பலர் இந்த வேறுபாட்டுக்கு அதற்குரிய எடை தரவில்லை. என் கணிப்பில், எந்த நொதி, எந்த மருந்து என்று இணை தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கசிவுதான். நொதியின் வேகம் அதற்கு அடுத்துத்தான் வர வேண்டும். ஆனால் கசிவு கூடக் கூட, நல்ல செல்லுக்கும் அது போகும் என்ற கணக்கையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

எஸ்.ஆர்.39 நொதிக்குக் கிடைக்க வேண்டிய பேர் வேறொரு வேலைக்காகக் கிடைத்தது, அது நியாயமும்கூட. அம்பாலாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சஞ்சீவ் காம்பீர், 2000இல் இந்தச் சடுதிமாற்ற நொதியை விளக்காகப் பயன்படுத்தினார். கதிரியக்க அணு சேர்த்த ஒரு முன்மருந்தை மிகச் சிறிய அளவில் ஏற்றினால், நொதி இருக்கும் செல்லுக்குள் மட்டும் அது மாட்டிக்கொண்டு தங்கும். பெட் ஸ்கேனில் அந்த இடம் ஒளிரும். இயற்கை நொதியைவிட எஸ்.ஆர்.39 நன்றாகப் பிடித்துக்கொண்டதால் படம் தெளிவாக வந்தது. நொதி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை உயிருள்ள உடலுக்குள் கண்ணால் பார்க்கும் வழி இது. முதலில் விளக்கை ஏற்றிப் பார், நொதி சேராத இடம் எவ்வளவு என்று அள, பிறகு மருந்து கொடு என்ற ஒழுங்கைப் பெரிய ஆய்வுகள் கட்டாயமாக்கியிருந்தால், நூற்றுக்கணக்கான நோயாளிகளை வைத்துத் தெரிந்துகொண்டதைச் சிலரை வைத்தே தெரிந்துகொண்டிருக்கலாம்.

மரபணு போய்ச் சேர்ந்த செல்லிலும் ஒரு சிக்கல் நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ள மறுபடி கேம்ப்டோதெசின் மரத்தடிக்கு வர வேண்டும். கேம்ப்டோதெசின் தாக்குவது டோப்போஐசோமரேஸ் என்ற நொதியை. முறுக்கேறிய கயிற்றின் ஒரு புரியை அறுத்து, முறுக்கை விட்டு, மறுபடி ஒட்டுவது போல அது டி.என்.ஏ.வைக் கையாள்கிறது. அறுத்த இடத்தில் கேம்ப்டோதெசின் புகுந்துகொள்ள, ஒட்ட முடியாமல் செல் சாகிறது. அப்படியென்றால் இந்த நஞ்சைத் தன் பட்டையில் சேர்த்து வைக்கும் மரம் ஏன் சாகவில்லை? ஜப்பானில் கஸூகி சைட்டோ குழுவினர் 2008இல் விடை கண்டார்கள். ஓஃபியோரைசா என்ற செடியிலும் சீனத்து மரத்திலும் அந்த நொதியின் 722ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. நஞ்சு வந்து புகவே முடியாது. இந்த மருந்தோடு பழகிப் பிழைத்துக்கொண்ட மனித ரத்தப் புற்று செல்களிலும் அதே 722ஆம் இடம் மாறியிருந்ததை முன்பே கண்டிருந்தார்கள். செடி யுகம் யுகமாகச் செய்ததைப் புற்று செல் ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் கொஞ்ச காலத்தில் செய்துவிட்டது.

டோப்போஐசோமரேஸ் இல்லாமல் செல் பிழைக்காது. அதனால் அதை ஒழித்துக்கட்ட முடியாமல், நுணுக்கமாகத் திருத்த வேண்டியிருந்தது. நாம் வெளியிலிருந்து கொண்டுபோய் வைக்கும் நொதியோ புற்று செல்லுக்கு எந்த விதத்திலும் தேவையில்லாதது. அந்த மரபணுவை மூடிவிட்டாலும் தொலைத்துவிட்டாலும் செல்லுக்கு நட்டமில்லை, லாபம்தான். முன்மருந்து கொடுக்கக் கொடுக்க, நொதியைத் தொலைத்த செல்களே மிஞ்சி வளரும். எவ்வளவு சிறந்த சடுதிமாற்றத்தை வடிவமைத்தாலும் இந்தக் குறை போகாது.

அடுத்தது நோயெதிர்ப்பு. வைரஸ் தைமிடின் கைனேஸ் சேர்த்த டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, அவர்களின் உடல் அந்த அந்நியப் புரதத்தைக் கண்டு செல்களை வேட்டையாடியதை சியாட்டிலில் ஸ்டான்லி ரிடெல் குழு 1996இலேயே காட்டியது. கட்டியைத் தாக்கும்போது இந்த வேட்டை நமக்கு உதவவும் கூடும். ப்ராஸ்டேட் புற்றில் 745 ஆண்களை வைத்து நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில், தைமிடின் கைனேஸ் சுமந்த வைரஸை நேரடியாகச் சுரப்பிக்குள் ஊசி போட்டு, முன்மருந்தாக வாலாசிக்ளோவிர் மாத்திரையும், கூடவே கதிர்வீச்சும் கொடுத்தபோது, நோய் திரும்பும் அல்லது மரணம் நேரும் அபாயம் 30 விழுக்காடு குறைந்தது என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். மொத்த வாழ்நாள் கூடியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நான் கவனிப்பது வேறு: வெற்றி கண்ட இந்த நொதி திருத்தாத, பழைய இயற்கை நொதி. ஊசி எட்டும் உறுப்பு, நோய் ஒரே இடத்தில் அடங்கிய கட்டம், செத்த செல்லைப் பார்த்து விழித்துக்கொள்ளும் நோயெதிர்ப்பு. மூன்றும் கூடிய இடத்தில் மந்தமான நொதியே வேலை செய்தது. மூளைக்கட்டியில் திருத்திய நொதியும் தோற்றது. இரண்டும் வேறு வேறு நோய்கள், நேரடியாக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் பணமும் மூளையும் எங்கே செலவாக வேண்டும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

அப்படியானால் சடுதிமாற்றப் புரதங்கள் தங்கள் முழுத் திறமையையும் காட்டும் இடமே இல்லையா? இருக்கிறது. செல்களை உடலுக்கு வெளியே எடுத்து, மரபணுவைச் சேர்த்து, சேராத செல்லை ஒதுக்கிவிட்டுத் திருப்பி ஏற்றும் சிகிச்சைகளில். அங்கே நொதி எல்லாச் செல்லுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும், சோதித்தும் பார்த்திருப்பார்கள். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, காஸ்பேஸ் 9 என்ற நொதியை வைத்துக் கட்டிய பாதுகாப்பு விசை. இந்த நொதி செல்லின் தற்கொலையைத் தொடங்கி வைப்பது. இரண்டு மூலக்கூறுகள் இணைசேர்ந்தால் செயல்படும். அதனோடு எஃப்.கே.பி.பி.12 என்ற இன்னொரு மனிதப் புரதத்தை ஒட்டினார்கள். அந்தப் புரதத்தின் 36ஆம் இடத்திலிருந்த பெரிய அமினோ அமிலத்தை எடுத்துவிட்டுச் சிறியதை வைத்தார்கள். அங்கே ஒரு பள்ளம் விழுந்தது. மருந்தின் மூலக்கூறில் அந்தப் பள்ளத்துக்கு ஏற்ற புடைப்பை வைத்தார்கள். உடலில் எங்கும் இருக்கும் இயற்கையான எஃப்.கே.பி.பி.12இல் பள்ளம் இல்லாததால் மருந்து அதைச் சீண்டாது. திருத்திய புரதத்தில் மட்டும் போய் அமர்ந்து இரண்டை இணைத்துவிடும்.

அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரிக் குழு 2011இல் இதை மனிதர்களில் காட்டியது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் கொடையாளரின் டி செல்களை ஏற்றும்போது, அவை நோயாளியின் உடலையே தாக்கத் தொடங்குவது உண்டு. இந்த விசை பொருத்திய செல்களைப் பெற்ற ஐந்து பேரில் நால்வருக்கு அப்படி நடந்தது. மருந்தை ஒரே முறை ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் அந்தச் செல்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் மறைந்தன, தாக்குதல் அடங்கியது. நோயாளிக்கு முன்னால் நிற்கும் மருத்துவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இதிலும் குறைகள் உண்டு. செயற்கை விசைக்கான அந்த மருந்து எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பதல்ல. விசையை அழுத்தினால் ஆபத்தோடு சிகிச்சையும் போய்விடும். பெரும் பணம் போட்டுச் செய்த செல்களை நாமே கொல்ல வேண்டும். இதே நோக்கத்துக்கு வைரஸ் தைமிடின் கைனேஸை வைத்து ஐரோப்பாவில் 2016இல் நிபந்தனை அனுமதி பெற்ற சிகிச்சை ஒன்று, எதிர்பார்த்த பலன் தராமல் 2019இல் திரும்பப் பெறப்பட்டது.

நம் நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐவரின் ரத்த ஸ்டெம் செல்களில் மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றி, பலனை 2024இல் வெளியிட்டார்கள். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அறிமுகமானபோது அதன் விலை அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் சுமார் 40 லட்சம் ரூபாயாக இருந்தது. செல்லை வெளியே எடுத்துத் திருத்தும் கைப்பழக்கம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மூளைக்கட்டிக்குள் வைரஸ் ஏற்றும் வழியில் இன்னொரு முறை போவதைவிட, இத்தகைய செல் சிகிச்சைகளுக்கு மலிவான மருந்தொன்றுக்கு இணங்கும் பாதுகாப்பு விசையை வடிவமைப்பதில் நம் ஆய்வாளர்கள் இறங்கலாம். மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம் கடைகளில் கிடைக்கும் பொருளாக இருக்க வேண்டும். ஃப்ளூசைட்டோசின் நெடுங்காலம் இங்கே எளிதில் கிடைக்காத மருந்தாகவே இருந்தது. கான்சிக்ளோவிரும் இரினோடெகானும் உள்நாட்டிலேயே தயாராகின்றன.

இன்னொரு வேலையும் பக்கத்திலேயே கிடக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு ஆஸ்பரஜினேஸ் என்ற நொதியே மருந்து. புற்று செல்லுக்கு வேண்டிய ஆஸ்பரஜினை ரத்தத்திலிருந்து அது அழித்துவிடும். சில ரத்தப் புற்று செல்கள் தங்கள் சொந்த நொதிகளை வைத்து இந்த மருந்தையே துண்டாக்கித் தப்பிக்கின்றன என்பதைக் கண்ட குழுவை நடத்தியவர் வாஸ்கர் சாஹா. அப்போது இங்கிலாந்தில் இருந்தவர், பிறகு கொல்கத்தா டாடா மருத்துவ மையத்துக்கு வந்தார். எந்த இடத்தில் வெட்டு விழுகிறதோ அந்த இடத்தை மாற்றிய சடுதிமாற்ற ஆஸ்பரஜினேஸை 2011இல் அவர் குழு வெளியிட்டது. பின்னாளில் கொல்கத்தாவில் அதே வட்டாரத்திலிருந்து 2021இல் வேறு வகை ஆய்வு ஒன்று வந்தது. இந்தியச் சந்தையில் விற்கும் சாதாரண ஆஸ்பரஜினேஸ் தயாரிப்புகளைச் சோதித்து, அவற்றின் தரம் திருப்தியாக இல்லை என்று அது சொன்னது. செயல்திறனிலும் தூய்மையிலும் குறை.

இந்த இரண்டு ஆய்வுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. புற்று செல்லின் வெட்டைத் தாங்கும் நொதியை வடிவமைக்கும் அறிவு இருக்கும் நாட்டில், குப்பியில் இருக்கும் பழைய நொதி வேலை செய்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகவில்லை. ஊசி போட்ட சில நாளில் கொஞ்சம் ரத்தம் எடுத்து நொதியின் செயல் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். அளவு குறைந்திருந்தால் தயாரிப்பை மாற்றிக் கொடுக்கலாம். ஊட்டியில் புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை 700 படுக்கைகளோடு 2025 ஏப்ரலில் திறந்தார்கள். கட்டபெட்டிலிருந்து அங்கே போக மலை இறங்க வேண்டாம். ரத்தப் புற்றுள்ள ஒரு குழந்தையின் அந்தப் பரிசோதனைக்கான ரத்தத்தையாவது அங்கேயே எடுத்துக் குளிர்பெட்டியில் கோயம்புத்தூருக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். குழந்தையும் தாயும் குஞ்சப்பனை வழியாக ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் போய்வர வேண்டியிருக்காது.